அட்ரஸ் என்றால் விலாசம் மட்டுமா? எழுத்துக்கூட்டலும் பொருள் காணும் வழியும்

வங்கிப் படிவம், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம், கூரியர் ரசீது என்று நம் கைக்கு வரும் தாள்களில் ‘அட்ரஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இல்லாத தாள் அரிது. அச்சடித்திருக்கும்போது அதைப் படிப்பதில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. அதையே நாமாக ஆங்கிலத்தில் எழுத நேரும்போதுதான் ஒரு ‘டி’யா, இரண்டு ‘டி’யா என்று பேனா ஒரு கணம் நிற்கிறது. எழுத்தைச் சரியாக எழுதிவிட்டவர்களும், நாளிதழில் ‘பிரசிடென்ட்ஸ் அட்ரஸ்’ என்று பார்த்தால் குடியரசுத் தலைவர் மாளிகை எந்தச் சாலையில் இருக்கிறது என்று சொல்லப்போகிறார்களோ என எண்ணிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. நான் பல ஆண்டுகளாகப் பிழைதிருத்தும் வேலையில் இருப்பவன். இந்த ஒரு சொல்லில் நான் திருத்திய எழுத்துப் பிழைகளும் பொருட்பிழைகளும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கும். இரண்டையும் ஒரே வேரைப் பிடித்துக்கொண்டு தவிர்க்கலாம் என்பதுதான் என் அனுபவம்.

முதலில் எழுத்துக்கூட்டல். சொல்லில் ஏழு எழுத்துகள்: ஏ, டி, டி, ஆர், இ, எஸ், எஸ். ‘டி’ இரட்டை, கடைசி ‘எஸ்’ இரட்டை, நடுவில் இருக்கும் ‘ஆர்’ ஒற்றை. நம்மவர்கள் செய்யும் பிழைகளில் முதலிடம் ஒரு ‘டி’யை விழுங்கிவிடுவதற்கு, அடுத்தது கடைசி ‘எஸ்’ஸை விடுவது. இரண்டையும் ஒருசேர விட்டு ஐந்தெழுத்தில் முடித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. காதில் விழுவது ஒற்றை ஒலிதான். ஒலியை நம்பி எழுதினால் ஒற்றை ‘டி’ தான் வரும். தமிழில் ‘பட்டு’ என்பதற்கும் ‘படு’ என்பதற்கும் காதே வேறுபாடு சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து இரட்டை ஒலியைக் குறிப்பதில்லை என்பதால் கண்ணால்தான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த இரட்டை ‘டி’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மனப்பாடம் எளிதாகும். லத்தீனில் ‘அட்’ என்ற முன்னொட்டுக்கு ‘நோக்கி’ என்று பொருள். ‘டைரெக்டுஸ்’ என்றால் ‘நேரான’. இவை சேர்ந்த பேச்சுவழக்கு வடிவம் பழைய பிரெஞ்சில் ‘நேராக்கு, நேரே திருப்பு’ என்ற வினையாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்கு ஒரு ‘டி’ தான் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில், சொல்லின் லத்தீன் பிறப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கருதிய படிப்பாளிகள் இன்னொரு ‘டி’யைச் சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள், ஆங்கிலேயர்கள் கைவிடவில்லை. ஆகவே இன்று நம்மைப் படுத்தும் இரண்டாவது ‘டி’ புலமையைக் காட்டுவதற்காக ஒட்டவைக்கப்பட்ட ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

இந்த வரலாற்றை நினைவில் வைப்பது கடினம் என்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. சொல்லை இரண்டு ‘டி’க்கும் நடுவில் வெட்டுங்கள். முன்பாதி ‘ஆட்’, அதாவது விளம்பரம் என்பதற்கு நாம் அன்றாடம் சொல்லும் அதே இரண்டெழுத்துச் சொல். பின்பாதி ‘டிரெஸ்’, அதாவது உடை. விளம்பரத்துக்கு உடை மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டால் முன்பாதியின் ‘டி’யும் பின்பாதியின் ‘டி’யும் தனித்தனியாக நின்றுவிடும்; ‘டிரெஸ்’ என்பதில் ‘எஸ்’ இரண்டு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வரியின் கடைசியில் சொல்லைப் பிரித்து எழுத நேர்ந்தாலும் இதே இடத்தில்தான் பிரிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ‘டிரெஸ்’ என்ற அந்தச் சொல்லும் அதே ‘நேராக்கு’ என்ற வேரிலிருந்து வந்ததுதான். புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வதும், கல்லைச் செதுக்கிச் சீராக்குவதும் அந்தப் பழைய பொருளை இன்றும் சுமந்து நிற்கின்றன. எனவே இந்த நினைவுக் குறிப்பு வெறும் விளையாட்டும் அன்று.

அடியில் சேரும் விகுதிகள் எவையானாலும் இந்த ஏழு எழுத்தும் மாறுவதில்லை. பன்மைக்கு ‘இ, எஸ்’ சேர்த்தால் ஒன்பது எழுத்து. இறந்தகாலத்துக்கு ‘இ, டி’. கடிதம் யாருக்குப் போகிறதோ அவரைக் குறிக்கும் ‘அட்ரஸி’ என்ற சொல்லில் கடைசியில் ‘இ’யும் இரட்டிக்கும், ‘டி, எஸ், இ’ என்று மூன்று எழுத்தும் இரட்டையாக வரும் ஒன்பதெழுத்துச் சொல் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சொல்லின் உடன்பிறப்பான, குறை தீர்த்தல் என்று பொருள்படும் ‘ரிட்ரெஸ்’ என்பதற்கு ஒரு ‘டி’ தான். அதன் முன்னொட்டு ‘ரி’. அதன் கடைசியில் ‘டி’ இல்லாததால் இரட்டிப்பதற்கு வழி இல்லை. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ரிட்ரெஸல்’ இந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். இரட்டை ‘டி’யைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் இதற்கும் இரண்டு போட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே ஆகிய நாடுகளில் பள்ளியில் கற்பது ஒரு ‘டி’, இரண்டு ‘எஸ்’, கடைசியில் ஓர் ‘இ’. சுவீடனில் ஒரு ‘டி’யும் இரண்டு ‘எஸ்’ஸும், கடைசி ‘இ’ இல்லாமல். டச்சு மொழியில் ஒரு ‘டி’, ஒரு ‘எஸ்’. அந்தப் பிள்ளை ஆங்கிலத் தேர்வில் ஒற்றை ‘டி’ போட்டால் அது கவனக்குறைவால் வந்த பிழை அன்று; இன்னொரு மொழியின் சரியான எழுத்து இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ‘இரட்டை டி ஆங்கிலத்தின் தனி வழக்கம்’ என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். ஸ்பானிய மொழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் அதே லத்தீன் வேரிலிருந்து ‘திரெக்ஸியோன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, திசைக்கும் விலாசத்துக்கும் அதையே வழங்குகிறார்கள்.

திசையும் விலாசமும் ஒரே சொல்லா என்று வியப்பவர்கள் அங்கேயே சற்று நிற்க வேண்டும். ‘அட்ரஸ்’ என்ற சொல்லின் எல்லாப் பொருள்களுக்கும் அதுதான் திறவுகோல். ஒன்றை இன்னொன்றை நோக்கி நேரே திருப்புவது: இதுதான் அடிப்படை. கடிதத்தை ஓரிடம் நோக்கித் திருப்பினால் அது விலாசம். பேச்சை ஒரு கூட்டம் நோக்கித் திருப்பினால் அது உரை. கவனத்தை ஒரு சிக்கல் நோக்கித் திருப்பினால் அது ‘கருத்தில் எடுத்துக்கொள்ளுதல்’. முகவரி என்ற நம் சொல்லிலும் ‘முகம்’ இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். எனவே ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல் வந்தால் உடனே அகராதியைப் புரட்டாமல், இங்கே திருப்பப்படுவது என்ன, யாரை அல்லது எதை நோக்கி என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல தற்செயல் வாய்த்திருக்கிறது. உறையின் மேல் எழுதுவதும் அட்ரஸ், மேடையில் ஆற்றும் உரையும் அட்ரஸ். வல்லின ‘ற’வுக்கும் இடையின ‘ர’வுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவயதிலிருந்தே காத்து வரும் நமக்கு, ஆங்கிலத்தின் ஓர் உபரி ‘டி’யைக் காப்பது பெரிய வேலையாக இருக்கக் கூடாது.

விலாசம் என்ற பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தமிழில் நாம் அதைக் கொண்டு ஒரு புதுத்தொடரையே உருவாக்கி வைத்திருக்கிறோம். ‘அந்தக் கட்சி அட்ரஸ் இல்லாமல் போய்விட்டது’ என்றால் அடையாளமே அழிந்தது என்று பொருள். இதை அப்படியே ஆங்கிலமாக்கினால், அந்தக் கட்சிக்கு அலுவலகக் கட்டடம் இல்லை என்றுதான் ஆங்கிலேயர் புரிந்துகொள்வார். ஆங்கிலச் செய்திகளில் வரும் ‘நோ ஃபிக்ஸ்ட் அட்ரஸ்’ என்பது தங்க நிலையான வீடில்லாதவரைக் குறிக்கும். அதில் ஏளனமோ மிரட்டலோ கிடையாது. வக்கீல் நோட்டீஸில் காணும் ‘அட்ரஸ் ஃபார் சர்வீஸ்’ என்பதற்கும் சேவைக்கும் தொடர்பில்லை. நீதிமன்ற அறிவிப்புகளை எந்த இடத்தில் கொடுத்தால் அது முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதாகுமோ அந்த விலாசம் அது.

உரை என்ற பொருள்தான் இன்னும் வளமானது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் திடலை அர்ப்பணிக்கும் விழாவில், 1863 நவம்பர் 19 அன்று ஆபிரகாம் லிங்கன் பேசியது ‘கெட்டிஸ்பர்க் அட்ரஸ்’ எனப்படுகிறது. ஏறக்குறைய 270 சொற்களே கொண்ட அந்த உரை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிட்டது. அவருக்கு முன்பு பேசிய எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ரயிலில் வரும்போது ஓர் உறையின் பின்புறத்தில் லிங்கன் அதை எழுதினார் என்று ஒரு கதை உலவுகிறது. உறையில் எழுதிய உரை என்பது நமக்குக் கேட்க இனிமையாக இருந்தாலும், அந்தக் கதையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை.

உரை என்றால் வாயால் பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் ‘ஃபேர்வெல் அட்ரஸ்’ 1796 செப்டம்பரில் பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் அச்சாகி வெளிவந்தது. அதை அவர் எந்த மேடையிலும் பேசவில்லை. நாட்டு மக்களை நோக்கித் திருப்பப்பட்ட சொற்கள் என்பதால் அது அட்ரஸ். நாம் ‘பிரியாவிடை மடல்’ என்றும் மொழிபெயர்க்கலாம். நம் பக்கத்தில் இதற்கு இணையான ஒரு வழக்கம் இருந்தது. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, பின்பு யாழ்ப்பாணம், பாம்பன், இராமநாதபுரம், மதுரை வழியாகச் சென்னை சென்றபோது ஊர் ஊராக அவருக்கு ‘அட்ரஸ்’ அளிக்கப்பட்டது. அங்கே அந்தச் சொல்லுக்கு வரவேற்புப் பத்திரம் என்று பொருள்: ஊராரின் சார்பில் எழுதி, வாசித்து, கையில் கொடுப்பது. அவர் பேசியவை அந்த அட்ரஸுக்குப் பதில்கள். பழைய பதிவுகளைப் படிக்கும்போது யாருடைய சொற்கள் யாரை நோக்கிச் சென்றன என்று கேட்காவிட்டால், வரவேற்றவர்களின் பாராட்டை விவேகானந்தரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாக எழுதிவிட நேரும்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் இச்சொல் எதிரெதிர்த் திசைகளில் வருவதைக் கவனிக்க வேண்டும். 87ஆவது பிரிவின்படி, பொதுத்தேர்தலுக்குப் பின் கூடும் முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் ஆற்றுவது அட்ரஸ். மாநிலத்தில் அதுவே 176ஆவது பிரிவின்படி ஆளுநர் உரை. ஆனால் 124ஆவது பிரிவில், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கக் கோரி நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்புவதும் அட்ரஸ்தான். மேலிருந்து கீழே வந்தால் உரை. கீழிருந்து மேலே போனால் முறையீடு அல்லது வேண்டுகோள். இங்கிலாந்தில் நாடாளுமன்றம் மன்னருக்குப் பணிந்து விடுக்கும் விண்ணப்பத்தின் வழக்கத்திலிருந்து வந்தது இந்த இரண்டாவது பொருள். இந்த இடத்தில் ‘இரு அவைகளும் உரையாற்றிய பின்’ என்று மொழிபெயர்த்தால் நீதிபதியை நீக்குவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் திகைப்பார்.

அடுத்தது அழைக்கும் முறை. ‘ஹவ் ஷுட் ஐ அட்ரஸ் யூ?’ என்று ஒருவர் கேட்டால் அவர் உங்கள் கதவு எண்ணைக் கேட்கவில்லை. உங்களை எப்படி விளிப்பது, பெயர் சொல்லியா, ‘சார்’ என்றா, ‘டாக்டர்’ என்றா என்று கேட்கிறார். நான் சில காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது, நேர்முகத் தேர்வுப் பயிற்சியில் இந்தக் கேள்விக்கு ஓர் இளைஞர் தெருப் பெயர், ஊர், பின்கோடு வரை ஒப்பித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு அந்தச் சொல்லின் ஒரே ஒரு பொருளைத்தான் கற்றுக்கொடுத்திருந்தோம். நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை செய்யும் வேலை இது. ‘ஃபார்ம் ஆஃப் அட்ரஸ்’ என்பதை ‘விலாசப் படிவம்’ என்று மொழிபெயர்த்ததையும் நான் திருத்தியிருக்கிறேன். அது அண்ணா, அக்கா, ஐயா, அம்மா போன்ற விளிச்சொல்.

கணினியில் பொருள் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு சிற்றறைக்கும் ஓர் எண் இருக்கும். அது அதன் அட்ரஸ். வினையாக வரும்போது, அந்த அறையை எண் சொல்லி எட்டுவதைக் குறிக்கும். 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் 32 கொண்ட அட்ரஸ் உள்ள கணினி நேரடியாக எட்டக்கூடிய நினைவகம் 4 ஜிபி என்ற வரம்பு இதனால் வந்தது. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் பழைய ஐபி அட்ரஸும் 32 பிட் கொண்டது என்பதால் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி விலாசங்களே சாத்தியம். அவை போதாமல் போனதால்தான் 128 பிட் கொண்ட புதிய முறை வந்தது. எழுத்துப் பிழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஓர் இணையப் பக்கத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தோமோ அந்தப் பக்கத்தின் அட்ரஸைச் சுமந்து செல்லும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்பு வரி, இணையப் பக்கங்களைப் பரிமாறும் விதிமுறையான ஹெச்டிடிபி பற்றி 1996இல் வெளியான ஆவணத்திலேயே ஓர் ‘ஆர்’ குறைந்து பிழையாக அச்சேறி, இன்றுவரை உலகம் முழுவதும் அப்படியே புழங்குகிறது. அதைத் திருத்தினால் இயங்காது. நம் விண்ணப்பத்தில் விடுபட்ட ‘டி’க்கு அந்தச் சலுகை கிடைக்காது.

பழைய ஆங்கில நாவல்களைப் படிப்பவர்களுக்கு மட்டும்: ஓர் ஆடவன் ஒரு பெண்ணுக்குத் தன் ‘அட்ரஸஸ்’ செலுத்தினான் என்றிருந்தால் அவன் விலாசச் சீட்டைக் கொடுக்கவில்லை, மணம் நாடிப் பழகினான் என்று பொருள். ‘நல்ல அட்ரஸ் உடையவர்’ என்றால் பழகும் பாங்கு தெரிந்தவர். கோல்ஃபில் பந்தை அட்ரஸ் செய்வது, அடிப்பதற்கு முன் மட்டையோடு பந்துக்கு நேரே நின்று ஆயத்தமாவது.

வினையாகப் பயன்படுத்தும்போது நம்மவர்கள் செய்யும் இலக்கணப் பிழை ஒன்று மிகப் பரவலானது. ‘முதல்வர் மக்களுக்கு உரையாற்றினார்’ என்ற தமிழ் வாக்கியத்தின் ‘கு’ உருபை அப்படியே கொண்டுபோய், ‘அட்ரஸ்டு டு தி பீப்பிள்’ என்று எழுதிவிடுகிறோம். கூட்டத்தைப் பார்த்துப் பேசும் பொருளில் இந்த வினைக்குப் பின் ‘டு’ வரக் கூடாது; அட்ரஸ் செய்தார், அதன் பின் நேராகக் கூட்டம். திருப்பப்படும் பொருளையும் தனியே குறிப்பிடும்போதுதான் ‘டு’ வேண்டும்: கடிதத்தை மேலாளருக்கு, கேள்வியை அவைத்தலைவருக்கு, கவனத்தை வேலைக்கு. ஒலிப்பிலும் சிறு வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் பெயரானாலும் வினையானாலும் அழுத்தம் பின்பாதியில் விழும். அமெரிக்கர்கள் பலர் விலாசம் என்ற பெயர்ச்சொல்லுக்கு முன்பாதியை அழுத்துவார்கள். வினைக்கு அவர்களும் பின்பாதியைத்தான் அழுத்துவார்கள்.

கடைசியாக, இப்போது அலுவலக ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் பொருள்: ஒரு சிக்கலை அட்ரஸ் செய்தல். வேரை நினைவில் கொண்டால் இதன் எல்லை தெளிவாகத் தெரியும். சிக்கலை நோக்கித் திரும்பியாயிற்று, அதைக் கருத்தில் எடுத்தாயிற்று என்பதுவரைதான் இச்சொல் உறுதியளிக்கிறது. தீர்த்துவிட்டோம் என்று அது சொல்லவில்லை. தீர்த்தலுக்கும் ஈடுசெய்தலுக்கும் உரிய சொல் முன்பு பார்த்த ‘ரிட்ரெஸ்’. குடிநீர் வரவில்லை என்று புகார் கொடுத்து, சில நாள் கழித்து ‘உங்கள் குறை அட்ரஸ் செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால், அதைத் தமிழில் ‘தீர்க்கப்பட்டது’ என்று படித்துவிட்டுக் குழாயைத் திறந்து பார்த்து ஏமாற வேண்டாம். அந்தச் சொல்லைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும் என்பது என் சந்தேகம். எந்த நாளில், யார், என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பதில் எழுதுங்கள்; அந்தக் கடிதத்தில் ‘அட்ரஸ்’ என்பதற்கு இரண்டு ‘டி’யும் ‘ரிட்ரெஸ்’ என்பதற்கு ஒரு ‘டி’யும் போட மறக்க வேண்டாம்.